ஃபெரெட்டா, கீரியா, நீர்நாயா: சேலத்து வீட்டுக்கு எது?

மடியில் படுத்துப் பால் குடிக்கும் கீரிக்குட்டி, நீர்நாய்க்குட்டி காணொளிகளைப் பார்த்துவிட்டு, "ஃபெரெட்டுக்கு அவ்வளவு காசு கொடுப்பதற்கு இதையே வளர்க்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்பேன்.

ஃபெரெட் என்பது வீசல் குடும்பத்தைச் சேர்ந்த, நீண்டு மெலிந்த உடலும் குட்டைக் கால்களும் கொண்ட சிறிய வளர்ப்பு விலங்கு. அதன் மூதாதை போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டு விலங்கு. முயல் பிடிக்க 2000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் பழக்கி வளர்த்ததில், ஆளைக் கண்டு மிரளாத குணம் அதற்குப் பிறவியிலேயே வந்துவிட்டது. நாளில் பாதிக்கு மேல் தூங்கும். மீதி நேரம் விளையாட்டுதான். இறைச்சி தின்னி என்பதால் சோறு, பழம் ஒத்துவராது. உடம்பில் ஒரு வாடை இருக்கும், அது பழகிவிடும்.

பழகாதது வெயில். 30 டிகிரியைத் தாண்டினாலே ஃபெரெட்டின் உயிருக்கு ஆபத்து. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். பகலெல்லாம் ஏசி ஓட முடியாத வீட்டில் அதை வாங்குவது கொடுமை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. அங்கேயும் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தொற்றினால் ஃபெரெட் பிழைக்காது. அதனால் இந்த விலங்கைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் கிடைத்த பிறகே வாங்குங்கள்.

நீர்நாயும் வீசல் குடும்பம்தான். ஆனால் காவிரியில் வாழும் நீர்நாய் வளர்ந்தால் 10 கிலோ வரை போகும், நாளுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் மீன் கேட்கும். கூட்டமாக வாழ்கிற விலங்கைத் தனியாக ஒரு தொட்டியில் அடைத்தால் ஏங்கிக் கத்தும். மீன் தலையை நொறுக்கும் பல் நம் விரலையும் விடாது. 2019 முதல் பன்னாட்டு வணிகத்துக்கே தடை உள்ள விலங்கு அது.

கீரி பார்க்கத்தான் வீசல் மாதிரி. வம்சத்தில் பூனைக்கே நெருக்கம். குட்டியில் காலைச் சுற்றி வரும், பருவம் வந்ததும் கடிக்கும். அதன் கடியால் வெறிநோயும் வரலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு கீரி அதன் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஒரு குட்டியை நாம் பழக்கிவிடலாம். அதன் இனம் பழகிவிடாது, அதன் குட்டியும் காட்டு விலங்காகவே பிறக்கும்.

வீசல் குடும்பத்திலேயே இன்னொரு விலங்கான நீலகிரி மார்ட்டன் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய அரிய உயிர். அதைப் பற்றி நினைக்கவே கூடாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கீரிக்குட்டியோ மரநாய்க்குட்டியோ கண்ணில் பட்டால் தூக்காதீர்கள். தாய் பக்கத்திலேயே இருக்கலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.