காதுக்குள் டைட்டானியம்: வைத்துக்கொண்டவளின் அனுபவம்

சிறு வயதிலிருந்தே சீழ் வடிந்த இடது காது எனக்கு. செவிப்பறையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்தும் நடுக்காதின் மூன்று எலும்புகளில், நடுவிலுள்ள பட்டடை எலும்பு அரித்தே போயிருந்தது. கடைசியிலுள்ள அங்கவடி எலும்பு தப்பியிருந்ததால், அதன் தலையைக் கவ்விக்கொண்டு உட்காரும் குட்டையான டைட்டானியம் செயற்கை எலும்பு போதும் என்றார் டாக்டர். அங்கவடியும் போயிருந்தால் அதன் அடித்தட்டு வரை இறங்கும் நீளமானது வேண்டுமாம்.

ஆபரேஷனுக்கு முன் மாதிரி ஒன்றைக் காட்டினார். அரிசி மணியை விடச் சின்னது, எடை சில மில்லிகிராம்தான். மேல்தட்டில் ஓட்டைகள், அதன் கால் அங்கவடி மேல் சரியாக உட்கார்ந்ததா என்று மைக்ரோஸ்கோப்பில் அவற்றின் வழியே பார்க்கத்தான். உலோகம் செவிப்பறையில் நேராக உரசினால் நாளடைவில் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடும். அதனால் என் காதுக் குருத்தெலும்பையே மெல்லிசாகச் சீவி இடையில் வைத்தார்கள்.

நான் டீச்சர். இடப்பக்க பெஞ்சுப் பிள்ளைகள் மெதுவாகச் சொல்லும் பதில் இப்போது திரும்பாமலே கேட்கிறது. அது போதும் எனக்கு! கல்யாண மண்டப இரைச்சலில் மட்டும் இன்னும் சிரமம். காற்றுவழிக் கேட்புக்கும் (காதுத் துளை வழியாக), எலும்புவழிக் கேட்புக்கும் (மண்டை எலும்பின் அதிர்வு வழியாக நேராக உள்காதுக்கு) இடையிலான வித்தியாசம் 20 டெசிபலுக்குள் வந்தால் வெற்றி என்பது மருத்துவக் கணக்கு, எனக்கு வந்துவிட்டது.

ஒரு குறை: பில்லில் ‘இம்ப்ளான்ட்’ என்று ஒற்றை வரிதான். கம்பெனி, மாடல் விவரம் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் அந்த விவரத்தைக் கேட்பார்கள்.