சின்ன லித்தியம் பேட்டரி, பெரிய பேப்பர் வேலை: எந்த வழி தேறும்?

ஜிபிஎஸ் டிராக்கரோ கையடக்க சென்சாரோ, ஒரு சின்னக் கருவியைச் செய்து, வாங்க ஆளும் பிடித்து, பெட்டியைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பப் போனால் கூரியர்காரர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே பேட்டரி இருக்கா? யு.என். 38.3 பேப்பர் இருக்கா?" லித்தியம் பேட்டரி அனுப்புமுன் தேற வேண்டிய ஐ.நா. சோதனைகளுக்குத்தான் அந்தப் பெயர். இத்தனூண்டு பேட்டரிதானே என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. செல் (தனி அலகு) 20 வாட்-அவருக்குள் (வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வரும் ஆற்றல் அளவு), பேட்டரி (செல்கள் சேர்ந்த பேக்) 100 வாட்-அவருக்குள் இருந்தால் லேபிள், பேக்கிங் விஷயங்களில் சலுகை உண்டு, சோதனையில் கிடையாது. சட்டைப் பொத்தான் அளவு லித்தியம் செல்லும் அதில் தேறித்தான் ஆக வேண்டும்.

ஐ.நா. கையேட்டின் 38.3ஆம் பிரிவில் டி1 முதல் டி8 வரை எட்டு சோதனைகள். இதில் முதல் ஐந்தும் அதே பேட்டரிகள் மேல் வரிசையாக நடக்கும். சுமார் 15,000 மீட்டர் உயரத்துக் காற்றழுத்தத்தில் ஆறு மணி நேரம், பிறகு 72 டிகிரிக்கும் மைனஸ் 40க்கும் இடையே பத்து சுற்று, அப்புறம் ஒவ்வொரு திசையிலும் மூன்று மணி நேர அதிர்வு, அதற்கு மேல் மோதல் போன்ற திடீர் அதிர்ச்சி. இவ்வளவும் வாங்கி ஓய்ந்துபோன அதே பேட்டரியைத்தான் கடைசியில் 57 டிகிரி சூட்டில் ஷார்ட் செய்கிறார்கள். புதுப் பேட்டரியை மேசையில் வைத்து ஷார்ட் செய்து பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி வழிகள். நம் உதாரணம் 3.7 வோல்ட், 2000 எம்.ஏ.எச். ஒற்றை செல் பவுச் (தட்டையான பை வடிவ) பேட்டரி, அதாவது 7.4 வாட்-அவர்.

சொந்தமாக வடிவமைத்து லேபில் கொடுத்துச் சோதிப்பது கேட்க கம்பீரமாக இருக்கும். ஆனால் ரீசார்ஜ் ஆகும் ஒற்றை செல்லுக்கே நாற்பது சாம்பிளுக்குக் குறையாமல் கேட்பார்கள், அதில் பாதியை 25 முறை சார்ஜ்-டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் சோதனைக்கே எடுப்பார்கள் என்பதால் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். முடிந்த பிறகு, வாட்-அவர் 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலோ பாதுகாப்பு சர்க்யூட்டை மாற்றினாலோ மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டியிருக்கும். சில நூறு கருவிகள் விற்கப் போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆயிரக்கணக்கில் போகிறவர்கள், அல்லது கருவியின் வடிவத்துக்குச் சந்தையில் பேட்டரியே கிடைக்காதவர்கள் செய்யலாம்.

ஏற்கெனவே சோதித்த பேட்டரியை வாங்கிப் பொருத்துவதுதான் என் கட்சி. ஆனால் வாங்குகிற இடத்தில்தான் ஏமாற்றம். சப்ளையரிடம் 38.3 கேட்டால் எம்.எஸ்.டி.எஸ். (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்) அனுப்புவார், விட்டால் ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. சான்றிதழ், இன்னும் விட்டால் ஐ.இ.சி. 62133 என்ற சர்வதேசத் தரச் சான்று. கடைசியாகச் சொன்னது பயன்படுத்தும்போதான பாதுகாப்புக்கு. இந்தியாவில் விற்கத் தேவைப்படும் பி.ஐ.எஸ். பதிவும் அந்த ரகம்தான். பார்சலுக்கு இரண்டும் உதவாது. நீங்கள் கேட்க வேண்டியது டெஸ்ட் சம்மரி, அதாவது 38.3 சோதனை முடிவுகளின் சுருக்கத் தாள். 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும் விநியோகிப்பவரும் அதைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

வந்ததும் தேதியை அல்ல, மாடல் எண்ணைப் பாருங்கள். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் எண், எடை, வாட்-அவர் மூன்றும் தாளில் இருப்பதோடு பொருந்துகிறதா? லேபின் பெயரும் ரிப்போர்ட் எண்ணும் இருக்கிறதா? எட்டில் எதெது தேறியது என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா? முக்கியமாக, சோதித்தது செல்லையா, பேக்கையா? நல்ல கம்பெனி 18650 (உருளை வடிவ லித்தியம் செல்) இரண்டைச் சேர்த்து வெல்டிங் செய்து 7.4 வோல்ட் பேக் கட்டினால், செல்லின் தாள் பேக்குக்குச் செல்லாது, பேக்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒற்றை செல்லில் சர்க்யூட் போர்டு வைத்தது மட்டும் செல் கணக்கிலேயே வரும், அதனால்தான் சின்னக் கருவிக்கு ஒற்றை செல்லே நல்லது என்கிறேன்.

இதிலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது: பேட்டரியைக் கருவிக்குள் பொருத்தியே அனுப்புங்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிக்கு 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக இடமில்லை, சரக்கு விமானத்தில்கூட 30 சதவீத சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது. 2010இல் துபாயில் விழுந்து இரண்டு விமானிகள் இறந்த யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்தன, இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. கருவிக்குள் பொருத்திய பேட்டரி என்றால் பெட்டிக்கு இரண்டு வரை, மொத்தம் இரண்டு பெட்டிக்குள் அனுப்பினால் லித்தியம் அடையாளக் குறிகூட ஒட்ட வேண்டாம்.

பேட்டரியே இல்லாமல் அனுப்புவதும் ஒரு வழி. கருவி பெரும்பாலும் தூங்கி எப்போதாவது விழிக்கிற ரகம் என்றால் ஏஏ அல்கலைன் பேட்டரி போடும் இடம் வைத்துவிடுங்கள், 38.3 பேச்சே எழாது. எந்நேரமும் வைஃபை ஓடினால் வாடிக்கையாளர் பேட்டரி மாற்றியே ஓய்ந்துவிடுவார். 18650 ஹோல்டர் வைத்து "செல்லை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எந்த போலியை வாங்கிப் போடுவாரோ!

முன்மாதிரிக்கும் 100க்கு மிகாத உற்பத்திக்கும் சோதனை விலக்கு உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்குச் சலுகையில்லாத முழு ஆபத்துச் சரக்கு பேக்கிங் வேண்டும், விமானத்தில் என்றால் அரசு அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். முன்மாதிரி விலக்கு லேபுக்குச் சோதிக்க அனுப்ப ஏற்பட்டது, சிறு உற்பத்திக்கான விலக்கிலும் இதே கெடுபிடிதான், அதன் வழியாக வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பப் பார்க்காதீர்கள்.