நுவரெலியா பேல் பஸார்: ஜாக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கு

குளிருக்கு உடுப்பு வாங்க வேண்டுமென்றால் மலையகத்தில் எல்லாரும் கை காட்டுவது நுவரெலியா பேல் பஸாரைத்தான். டவுனுக்குள்ளேயே நெருக்கிப் போட்ட சிறு கடைகள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஜாக்கெட், ஜம்பர், டெனிம் எல்லாம் தலைக்கு மேல் வரை தொங்கும். சரக்கில் பெரிய குறை இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நம் உடம்பை நினைத்து வெட்டிய துணி அல்ல. கை நீளமும் தோள் அகலமும் குளிர்நாட்டு ஆட்களின் அளவு. ஆசைப்பட்டு வாங்கியது அலுமாரியில் சும்மா தொங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

அதனால் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. இருக்கிற குளிருடுப்பை எல்லாம் கட்டிலில் எடுத்துப் போடுங்கள். போன டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை ஒரு தடவைகூடப் போடாததைத் தனியாக வையுங்கள். ஏன் போடவில்லை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: தோள் கீழே விழுகிறதா, இடுப்பில் ஸிப் ஏறவில்லையா, கை விரலை மூடுகிறதா? ஒரே குறை இரண்டு மூன்றில் திரும்பி வந்தால், கடையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வேண்டாததைக் கொடுத்துவிடுவது நல்லது. நம் ஊர் ஈரத்தில் நெருக்கி அடைத்த அலுமாரி பூஞ்சணத்துக்குத்தான் வசதி.

பிறகு, அடிக்கடி போடும் ஒன்றை மேசையில் தட்டையாக விரித்து நாலு அளவு எடுங்கள்: தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, அக்குளிலிருந்து அக்குள் வரை, கை நீளம், கழுத்தடியிலிருந்து முதுகு நீளம். ஃபோனில் எழுதிக்கொண்டு, பையில் ஒரு அளவு நாடாவும் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவு 36 அங்குலம் என்றால், உள்ளே ஜம்பர் போட்டு மேலே மாட்டும் ஜாக்கெட் தட்டையாக, அக்குளிலிருந்து அக்குள் வரை, 20 முதல் 21 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பட்டன் பூட்டலாம், கையை உயர்த்த முடியாது.

லேபிளை நம்பிப் பயனில்லை. பலதில் வெட்டியிருப்பார்கள். இருந்தாலும் பெண்கள் உடுப்பில் பிரித்தானிய 10, ஐரோப்பிய 38, அமெரிக்க 6 மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆண், பெண் உடுப்பு கலந்தே தொங்கும். பட்டன் போடுபவரின் வலப்பக்கம் இருந்தால் ஆண் வெட்டு, இடப்பக்கம் இருந்தால் பெண் வெட்டு. இடுப்பு அகலமான பெண்கள் ஆண் வெட்டை எடுத்தால் தோளுக்குச் சரியானது இடுப்பில் பிடிக்கும், இடுப்புக்குச் சரியானது தோளில் தொங்கும்.

எந்த உடம்பானாலும் தோளை முதலில் பாருங்கள். தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். ஜம்பருக்காக அரை அங்குலம் தள்ளி நின்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனதை வாங்காதீர்கள். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, அக்குளை மறுபடி வெட்டி, லைனிங்கையும் பிரித்துத் தைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு ஜாக்கெட்டே பார்க்கலாம். பக்கத் தையலை உள்ளே பிடிப்பதும், மடிப்பு மட்டும் உள்ள கையைக் குறைப்பதும் எந்தத் தையல்காரருக்கும் சின்ன வேலை. கை முனையில் இழுபடும் றிப் பின்னலோ ஸிப்போ இருந்தால் கதை வேறு. இறகு அடைத்த ஜாக்கெட்டின் கையை வெட்டச் சொல்லவே வேண்டாம், வெட்டிய இடமெல்லாம் இறகு கொட்டும்.

பஸ் கம்பியைப் பிடிப்பது போலக் கையை மேலே தூக்கிப் பாருங்கள். கூடவே முழு ஜாக்கெட்டும் மேலேறினால் அக்குள் வெட்டு கீழே இறங்கியிருக்கிறது. அதைத் திருத்த முடியாது.

இடுப்பும் தொடையும் அகலமானவர்களுக்கு விளிம்பு அந்த அகலத்தின் நடுவிலேயே நிற்கக் கூடாது. இடுப்பெலும்புக்கு மேலேயோ தொடையின் பாதிக்குக் கீழேயோ முடியட்டும். கீழிருந்தும் திறக்கும் இருமுனை ஸிப் கிடைத்தால் விடாதீர்கள், உட்காரும்போது அருமை தெரியும். வயிறு உள்ளவர்கள் பெல்ட் வைத்ததை விட்டு நேராக விழும் ஒற்றை வரிசைப் பட்டனைப் பார்க்கலாம். குள்ளமானவர்களுக்கு அகலக் கட்டங்களாகப் பஞ்சு அடைத்தது மூட்டை மாதிரித்தான் இருக்கும். நெருக்கமான தையல் கோடு உள்ளதை எடுங்கள்.

சேலை உடுத்து வேலைக்குப் போகும் ஆசிரியைகளுக்கு ஜாக்கெட்டே தோதில்லை. இடது தோளில் முந்தானை மடிப்பும் ஊசியும் இருக்கும். அதன் மேல் இறுக்கமான தோள் ஏறினால் மடிப்பு நசுங்கி, முன்பக்கம் கலையும். முன்னால் முழுதாகத் திறக்கும் மெல்லிய பின்னல் கார்டிகன், கொசுவம் செருகும் இடத்துக்குச் சற்றுக் கீழே முடிவது, வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிதாக எடுப்பது, இவை மூன்றும் போதும். குவியலுக்குள் கையை விட்டுத் தேடினால் அது கிடைக்கும், கண்ணுக்கு முன்னால் தொங்குவது எப்போதும் தடித்த ஜாக்கெட்தான்.

மிஞ்சிய சரக்கில் குறை கண்டு ஒதுக்கிய உருப்படியும் கலந்திருக்கும். ஒரே ஜாக்கெட்டில் கைக்கும் உடலுக்கும் நிறம் லேசாக மாறியிருப்பது பல்ப் வெளிச்சத்தில் தெரியாது, வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஸிப்பை மேல் வரை இழுத்து, கீழ் விளிம்பு இரண்டும் மட்டமா என்று பாருங்கள். டெனிமைத் தொங்கவிட்டால் பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னால் திரும்பி வந்திருந்தால் கீழே வையுங்கள், அது துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். தோல் மாதிரிப் பளபளக்கும் ரெக்சின் ஜாக்கெட் நம் ஈரத்துக்கு உதவாது; அந்தப் பூச்சு ஈரத்தில் சிதைந்து உரியும். கொலர் மடிப்பில் மெல்லிய வெடிப்பு கண்டால் உரிதல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இறகு அடைத்ததும் நனைந்தால் கட்டி கட்டியாகிக் காய நாளாகும். மழையில் திரிபவர்களுக்குப் பொலியெஸ்டர் பஞ்சே மேல்.

சரக்குக்குப் பத்தில் எட்டுக் கொடுக்கலாம், போட்டுப் பார்க்கும் வசதிக்கு மூன்றுக்கு மேல் முடியாது. ஒழுங்கான மறைப்பை எதிர்பார்க்காமல், ஒட்டிய மெல்லிய பெனியனோடு போனால் மேலேயே மாட்டிப் பார்த்துவிடலாம். ஏப்ரல் சீசன் கூட்டத்தில் அதுவும் நடக்காது, ஒரு சாதாரண வார நாள் காலை பாருங்கள். பேரம் பேசலாம், ஆனால் அளவு சரியில்லாததை விலை குறைத்தார் என்பதற்காக எடுக்காதீர்கள். மாற்றித் தருவாரா என்பதைக் காசு கொடுக்கும் முன்னே கேட்டுவிடுங்கள்.