ரீஃபர்பிஷ்டு மினி பிசி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

ஆர்டர் போட்டது டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, ஐ5-8500டி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வீட்டு சர்வருக்கு. வந்தது 3050 மைக்ரோ, உள்ளே ஐ5-6500டி. வெளிப்பார்வைக்கு இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் கேட்டால், "ரெண்டுமே ஐ5 தானே சார்" என்கிறார்கள்.

6500டி இன்டெலின் 6ஆம் தலைமுறை பிராசஸர், 8500டி 8ஆம் தலைமுறை. முன்னதில் 4 கோர், பின்னதில் 6. கோப்பு சேமிக்கவும் போட்டோ பேக்கப்புக்கும் பழையதே போதும். ஜெல்லிஃபின் (சொந்தப் படங்களை வீட்டு டிவி, போனில் பார்க்க உதவும் சர்வர் மென்பொருள்) ஓட்ட நினைப்பவர்களுக்குத்தான் அடி. 10 பிட் ஹெச்இவிசி (அதிகம் சுருக்கப்பட்ட ஒரு வீடியோ வகை) வீடியோவை ஹார்ட்வேரிலேயே முழுதாக டிகோட் செய்யும், அதாவது விரித்துக் காட்டும் வசதி இன்டெலில் 7ஆம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தையதில் சுமையில் பெரும்பகுதி சிபியு (பிராசஸர்) தலையில் விழும். படம் திக்கித் திக்கி ஓடலாம்.

விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் 6, 7ஆம் தலைமுறைப் பெட்டிகளை "ஐ5" என்று மட்டும் போட்டுத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். லினக்ஸ் அவற்றில் நன்றாகவே ஓடும். ஆனால் 8ஆம் தலைமுறை விலையை ஏன் கொடுக்க வேண்டும்? பிராசஸரின் முழு எண்ணையும் 7 எழுத்து சர்வீஸ் டேக்கையும் (ஒவ்வொரு டெல் மெஷினுக்கும் உள்ள தனி அடையாளக் குறி) முன்கூட்டியே கேளுங்கள். டேக்கை டெல் தளத்தில் போட்டால் எந்த மாடல் என்று தெரிந்துவிடும். பெட்டி வந்ததும் ஸ்டிக்கரில் உள்ள டேக்கும் பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங் திரை) காட்டும் டேக்கும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் போர்டு மாற்றப்பட்டிருக்கலாம்.

அடுத்த ஏமாற்று அடாப்டர். இந்த மாடலுக்கு 19.5 வோல்ட், 65 வாட் டெல் அடாப்டர் வேண்டும். அதன் நடு ஊசி வழியாகத்தான் மெஷின் அடாப்டரை அடையாளம் காண்கிறது. மலிவான அடாப்டரில் அந்த அடையாளச் சிப் இருக்காது, அல்லது சரியாக வேலை செய்யாது. அப்போது மெஷின் ஆன் ஆகும், லினக்ஸும் ஏறும். ஆனால் சிபியு 800 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே முடங்கிக் கிடக்கும். சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டு மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆன் ஆனதும் எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய், மெஷின் அடாப்டரை அடையாளம் கண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிபியுவுக்கு வேலை கொடுத்துவிட்டு வேகம் ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அதே பயாஸில் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் உடனே திருப்பி அனுப்புங்கள். அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட பெட்டிகளில் இது சகஜம். பாஸ்வேர்டு இல்லாமல் 'ஏசி ரிகவரி'யை 'பவர் ஆன்' என்று மாற்ற முடியாது. மாற்றாவிட்டால் கரண்ட் போய் வந்தபின் சர்வர் அணைந்தே கிடக்கும். சிஆர்2032 பேட்டரியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், சில ரூபாய்தான்.

எஸ்எஸ்டியை ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பாருங்கள்: ஓடிய மணிநேரம், தேய்மான சதவீதம். பெயர் தெரியாத பிராண்டு என்றால் எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 256 என்று ஒட்டிய டிரைவில் உண்மையான இடம் அதைவிடக் குறைவாக இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

"பழைய டெஸ்க்டாப்பே போதும், இன்னும் சீப்" என்று கடையில் திருப்பிவிடுவார்கள். சும்மா இருக்கும்போதே 45 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் 60 நாளில் கிட்டத்தட்ட 65 யூனிட் தின்னும். 10 வாட் மினி பிசிக்கு 14.4 யூனிட்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 100 யூனிட் இலவசம் என்பதோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பில்லில் 'மினி பிசி - 1' என்று மட்டும் எழுத விடாதீர்கள். மாடல், பிராசஸர் எண், சர்வீஸ் டேக், அடாப்டர் வாட் எல்லாம் இருக்கட்டும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அந்த பில்லை வைத்தே புகார் கொடுக்கலாம்.