ஒரே ஒரு சந்தா: டர்பனில் கலையும் வாழ்வியலும் எழுதுபவருக்கு எந்தச் சங்கம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஓர் இளம்பெண் சென்ற மாதம் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து இந்த அலசல் பிறந்தது. அரங்கேற்றங்கள், கோயில் திருவிழாக்கள், பழைய குடும்பங்களின் சமையல் ஆகியவற்றைப் பற்றி வார இதழ்களுக்கு ஆங்கிலத்தில் சிறப்புக் கட்டுரைகள் எழுதுகிறவள் அவள். எந்த இதழிலும் அவளுக்கு நிரந்தர வேலை இல்லை. “அக்கா, வருடத்துக்கு ஒரு சங்கத்துக்குத்தான் என்னால் சந்தா கட்ட முடியும். எதில் சேரட்டும்?” என்றாள். இதே துறையில் நெடுநாளாக இருந்தும் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளுக்காக ஒவ்வொன்றையும் எடுத்து எடை போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

2020-க்கு முன்பு இந்தக் கேள்வி இவ்வளவு கனமாக இருந்திருக்காது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அசோசியேட்டட் மீடியா பப்ளிஷிங் நிறுவனம் மூடப்பட்டது. காஸ்மோபாலிட்டனின் தென்னாப்பிரிக்கப் பதிப்பும் ஹவுஸ் அண்ட் லெஷர் இதழும் அதோடு நின்றன. சில நாள்களிலேயே காக்ஸ்டன் நிறுவனமும் பருவ இதழ்த் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சமையல், தோட்டம், வீட்டலங்காரம், உடை என்று எழுதி மாதச் சம்பளம் வாங்கியவர்கள் பலர் சில வாரங்களுக்குள் தனியாகத் தொழில் செய்யும் சுயேச்சை எழுத்தாளர்கள் ஆனார்கள். இருந்த சில பக்கங்களுக்குப் போட்டி கூடியது. பேரம் பேசும் பலம் குறைந்தது. சங்கம் என்பது வெறும் பெருமைக்குரிய அடையாள அட்டையாக இருந்த காலம் அத்துடன் போய்விட்டது.

நம் துறைக்கென்றே உள்ள சங்கத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் இயங்கும் சொசைட்டி ஃபார் ஃபீச்சர்ஸ் ஜர்னலிசம் என்ற அமைப்பு, 1947-இல் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புகளுக்கும் சிறப்புக் கட்டுரைப் பக்கங்களுக்கும் பொறுப்பான ஆசிரியர்களின் கூட்டமைப்பாகத் தொடங்கி, பின்னர் எழுதுகிறவர்களையும் அணைத்துக்கொண்டு இன்றைய பெயரைப் பெற்றது. கலை, உணவு, குடும்பம், பொழுதுபோக்கு ஆகியவற்றை எழுதுவது செய்திக்கு அடுத்த இரண்டாந்தர வேலை அன்று, தனித் தேர்ச்சி தேவைப்படும் வேலை என்பதை அடித்தளமாகக் கொண்ட சங்கம் இது. ஆண்டு மாநாடு நடத்துகிறது. நிறுவனங்களின் அளவுக்கேற்பப் பிரிவுகள் வகுத்துச் சிறந்த கட்டுரைகளுக்குப் பரிசு வழங்குகிறது. சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து வருகிறவர்களுக்கு உதவித் திட்டமும் வைத்திருக்கிறது. இதைப் படித்தபோது அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. என் கண்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் விரிந்தன.

ஆனால் அந்த மாநாடு கூடுவது அமெரிக்க நகரங்களில். விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் டாலரிலிருந்து ராண்டுக்கு மாற்றிப் பார்த்தால், சந்தாத் தொகையே மறந்துபோகும் அளவுக்குச் செலவு ஏறிவிடும். பரிசுப் பிரிவுகளும் அங்குள்ள செய்தியறைகளின் அமைப்பை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. டர்பன் வார இதழ் ஒன்று கட்டுரைக்குப் பணம் தராமல் இழுத்தடித்தால், அங்கிருந்து யாரும் நமக்காக ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அச்சங்கம் தரும் நன்மைகளில் நமக்கு மிக உதவுவது, ஆண்டுதோறும் வெளியாகும் பரிசுப் பட்டியல். அதில் உள்ள கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, ஒருவர் எப்படித் தொடங்கினார், எங்கே மேற்கோளை வைத்தார், எதை விட்டார் என்று பென்சிலும் கையுமாகப் படிப்பதற்குச் சந்தா தேவையில்லை.

அடுத்தது சாஃப்ரியா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னாப்பிரிக்கப் பகுதியின் சுயேச்சை ஊடகத் தொழிலாளர் சங்கம். இது எழுத்தாளர்களுக்கு மட்டுமானதன்று. பதிப்புத் திருத்துநர்கள், புகைப்படக்காரர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கலைத்துறை எழுத்தின் நயங்களைப் பற்றி இங்கே பேச்சு அதிகம் எழாது. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஊறுகாய் போட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு பாட்டியைப் பற்றி ஓர் இதழுக்கு எழுதினேன். அவர்கள் கேட்டபடி படமும் நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் பணம் வந்தது. ஆறு மாதம் கழித்து, அதே குழுமத்தைச் சேர்ந்த வேறொரு பத்திரிகையில், என் பெயர்கூட இல்லாமல், அக்கட்டுரையும் படமும் மீண்டும் வெளிவந்ததைப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தற்செயலாகப் பார்த்தேன். பாட்டியின் கைகளும் மாங்காய்த் துண்டுகள் காயும் வெள்ளைத் துணியும் அப்படியே இருந்தன. கேட்டதற்கு, “நாங்கள் ஒருமுறை விலை கொடுத்துவிட்டோமே” என்ற பதில் வந்தது. நானும் நம்பிவிட்டேன். சுயேச்சை எழுத்தாளர் ஒருவர்தான், 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார்.

அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, வேலையில் அமர்த்தப்படாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கட்டுரைக்கு உரிமையாளர் அதை எழுதியவரே. 22-ஆம் பிரிவின்படி, அந்த உரிமையை இன்னொருவருக்கு முழுமையாக மாற்றிக் கொடுக்க எழுத்தில் ஒப்பந்தமும் கையொப்பமும் வேண்டும். பணம் கைமாறியதால் மட்டும் உரிமை கைமாறிவிடாது. நான் எதிலும் கையெழுத்திடவில்லை. ஆனால் புகைப்படத்தின் கதை வேறு: ஒருவர் பணம் தருவதாகச் சொல்லிப் படம் எடுக்கப் பணித்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, அப்படத்தின் உரிமை பணித்தவருக்கே போகிறது. ஆகவே ஒரே பக்கத்தில், ஒரே ஆள் செய்த வேலையில், சொற்கள் என்னுடையவை, படம் அவர்களுடையது. இந்த வேறுபாட்டைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதியதும் கட்டுரைக்கு இரண்டாம் முறையாகப் பணம் வந்தது. படத்துக்கு வரவில்லை, சட்டப்படி வரவும் வேண்டியதில்லை. அன்றிலிருந்து படம் கேட்டால், அதன் உரிமை என்னிடமே இருக்கும் என்ற ஒரு வரியை முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுகிறேன்.

இத்தகைய விவரங்கள் அன்றாடம் பேசப்படும் இடம் சுயேச்சையாளர் சங்கம்தான். ஊதிய விஷயத்தில் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. தனித்தனியே தொழில் நடத்தும் எழுத்தாளர்களும் சட்டத்தின் பார்வையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களே. எனவே “சொல்லுக்கு இத்தனை ராண்டுக்குக் குறைந்து எழுதாதே” என்று ஆணையிடுவது அச்சங்கத்துக்கு எளிதன்று. உறுப்பினர்கள் உண்மையில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டறிந்து அறிக்கையாக வெளியிட அதனால் முடியும், வெளியிட்டும் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் அடிமாட்டு விலை சொல்லும்போது, நாம் கேட்பது பேராசை அன்று, நடப்பு விலை என்று காட்ட அந்த அறிக்கை கையில் இருந்தால் குரல் நடுங்காது. தொழிற்சங்கம் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் சுயேச்சை ஒப்பந்தக்காரரை ஊழியராகக் கருதுவதில்லை என்பதால், கூட்டுப் பேரத்தின் கதவு நமக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

விமர்சகர்களுக்கான பன்னாட்டு அமைப்புகளைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். ஓவியம், சிற்பம் பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு 1950-இல் உருவான அய்க்கா என்ற கலை விமர்சகர் சங்கம் இருக்கிறது. அதன் அட்டையைக் காட்டினால் உலகின் பல அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லாமல் நுழையலாம். திரைப்பட விமர்சகர்களுக்கு 1930-இலிருந்து ஃபிப்ரெஸ்கி இருக்கிறது. ஒரே கலையில் ஊறியவர்களுக்கு இவை பொருந்தும். ஒரு வாரம் பரதநாட்டியமும் மறுவாரம் பிரியாணி அண்டாவும் எழுதுகிறவளுக்குப் பொருந்தா.

1996-இல் தொடங்கப்பட்ட சானெஃப் என்னும் தேசிய ஆசிரியர் பேரவை பெரும்பாலும் ஆசிரியர்களுக்கும் மூத்த இதழாளர்களுக்கும் உரியது. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலோ நாம் சந்தா கட்டிச் சேரும் இடமே அன்று. இருந்தும் அதன் நெறிமுறைகளை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்க எனக்கு மனமில்லை. வாழ்வியல் எழுத்துக்கு மிகவும் தேவையான சில வரிகள் அதில் இருக்கின்றன. எழுதுவதைப் பாதிக்கக்கூடிய நன்மை எதையும் பெறக் கூடாது. செய்தி திரட்டும் செலவில் வெளியார் பங்கு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரமும் கட்டுரையும் வாசகருக்கு வேறுவேறாகத் தெரிய வேண்டும். அரசியல் செய்தியாளருக்கு இந்தச் சோதனை எப்போதாவது வரும். நமக்கு ஒவ்வொரு வாரமும் வருகிறது: புதிய உணவகம் குடும்பத்தோடு வந்து சாப்பிடச் சொல்கிறது, கடற்கரை விடுதி இரண்டு இரவு தங்கச் சொல்கிறது, அரங்கேற்றம் நடத்தும் பெற்றோர் பட்டுப் புடவை ஒன்றை மடியில் வைக்கிறார்கள். புடவையை மறுப்பது நம் சமூகத்தில் எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். நெறிமுறையின் அந்த வரியைச் சொல்லி, “பத்திரிகை அனுமதிக்காது அத்தை” என்று கைகூப்பி விடைபெற்றிருக்கிறேன்.

இனி நம்முடைய தமிழ் அமைப்புகள். 1968-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பும் ஊர்தோறும் உள்ள சபைகளும் மொழிக்கும் சமயத்துக்கும் செய்துவரும் தொண்டு பெரிது. அவற்றின் வழியே எழுத்தாளர் பிரிவு ஒன்றை அமைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சபைகள் நடத்தும் விழாக்களையும் போட்டிகளையும் பற்றித்தான் நாம் எழுதுகிறோம். நாட்டியம் தாளம் தப்பினால் தப்பியது என்று எழுத வேண்டியவர்கள், விழா நடத்துகிறவரின் கூரைக்கடியில் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் இதுவரை சொன்ன எந்தச் சங்கமும் தராத ஒன்று நமக்கு வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் சென்ற ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூஜை பற்றி எழுதினாள். பானையின் கழுத்தில் சிரிங்கா இலை கட்டியிருந்ததைக் கவனமாகக் குறித்திருந்தாள். இதழின் துணையாசிரியர், மாரியம்மனுக்கு உரியது வேப்பிலை என்று எங்கோ படித்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான், எல்லா இடத்திலும் வேம்பு என்று மாற்றிவிட்டார். 1860-இல் இந்தியத் தொழிலாளர்களை முதன்முதலாக இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் காலத்திலிருந்து, வேம்புக்கு ஈடாக நம் முன்னோர் கைக்கொண்ட மரம் சிரிங்கா. தமிழில் மலைவேம்பு என்று சொல்லப்படும் வேம்பின் உறவு மரம். இந்நாட்டுச் சட்டமோ அதை அயல் ஊடுருவல் மரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு சமூகம் தன் தெய்வத்துக்கு இலை தேடிய வரலாறு முழுவதும் அந்தச் சிறு சொல்லில் இருந்தது. திருத்தம் என்ற பெயரில் அது போய்விட்டது. அச்சில் பார்த்த பெரியவர்கள், “எங்கள் வீட்டில் ஏது வேப்பமரம்?” என்று அவளைத்தான் கேட்டார்கள்.

தமிழ் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் பார்த்திருந்தால் இது நடந்திராது. இந்தக் குறை புதியதன்று. 1903-இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. 1906-இல் தமிழ், இந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. 1908-இல் பி. எஸ். ஐயர் ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆப்பிரிக்கன் கிரானிக்கிளைத் தொடங்கினார். இன்று நம் சமூகத்தைப் பற்றிய பெரும்பாலான எழுத்து ஆங்கிலத்தில், தமிழ் அறியாத மேசைகளைக் கடந்து வெளிவருகிறது.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இதுதான்: சந்தாவைச் சாஃப்ரியாவில் கட்டு. துறைக்கென்றே உள்ள சங்கம் என்ற ஈர்ப்பு அமெரிக்கச் சங்கத்துக்கு இருந்தாலும், உன் ஒப்பந்தமும் உன் நிலுவைத் தொகையும் இந்த நாட்டுச் சட்டத்துக்குள் இருக்கின்றன. ஒரு செய்தியறையில் நிரந்தர வேலை கிடைத்து, பயணச் செலவை நிறுவனம் ஏற்கும் நிலை வந்தால், என் பதில் மாறும். நிரந்தர ஊழியருக்குப் பதிப்புரிமைப் பங்கீடே வேறு. அவருக்கு வேண்டியது கைத்தேர்ச்சியும் துறைத் தோழமையும், அதை அமெரிக்கச் சங்கம் நன்றாகவே தரும்.

தமிழ் தெரிந்த கண்ணுக்கு மட்டும் சந்தா கட்ட இடமில்லை என்பதால், நான்கு பேர் சேர்ந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை என் வீட்டுச் சமையலறை மேசையில் கூடத் தொடங்கியிருக்கிறோம். அனுப்புவதற்கு முன் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்கிறோம். துணையாசிரியர் மாற்றிவிடக்கூடிய சொற்களுக்கு ஓரத்தில் சிறு விளக்கம் எழுதி, அதையும் கட்டுரையோடு அனுப்புகிறோம். முதலில் எடுத்தது அவளுடைய அடுத்த கட்டுரை, மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவடி கட்டும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. இரண்டாம் பத்தியிலேயே மூன்று சொற்களுக்கு ஓரக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது.