எதை எதால் வகுத்தது? ஆர் மொழியின் ஜிடிசம்மரி: ஒரு மதிப்புரை

மருத்துவ முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் அட்டவணைகள் போட்டுக் கொடுப்பது என் அன்றாட வேலை. பால், இரத்த வகை, புகைப்பழக்கம், நோயின் நிலை என்று அளவாக அல்லாமல் வகையாக வரும் விவரங்களைச் சிகிச்சைக் குழுவாரியாக எண்ணி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சதவீதம் போட்டு, முதல் அட்டவணையாக வைப்பதுதான் இந்த ஆய்வேடுகளின் வழக்கம். இதற்கென்றே, புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஆரில் எழுதப்பட்ட ஜிடிசம்மரி என்ற கட்டளைத் தொகுப்பை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். டேனியல் ஷோபெர்க்கும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய இது இலவசமாகவே கிடைக்கிறது. இதைப் பற்றிய அவர்களது கட்டுரை 2021இல் ஆர் ஜர்னல் என்ற ஆய்விதழில் வெளிவந்தது.

இதற்கு முன்பு நான் நம்பியிருந்தவை இரண்டு. ஆரில் இயல்பாகவே உள்ள டேபிள் கட்டளை எண்ணிக்கையைத் தரும். சதவீதம் வேண்டுமென்றால் அதை ப்ராப்.டேபிளுக்குள் போட்டு, கிடைவரிசைவாரியாக என்றால் 1, நெடுவரிசைவாரியாக என்றால் 2 என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் மொத்த எண்ணிக்கையால் வகுத்துவிடும். இன்னொன்றான, டிப்ளையர் என்ற தொகுப்பின் கவுண்ட் கட்டளை படிப்பதற்கு எளிது. ஆனால் ஒரு குழுவில் ஒருவர்கூட இல்லாத வகை, நாமாகக் கேட்டாலொழிய, சுழியம் என்று நிற்காமல் வரிசையோடு காணாமல் போய்விடும். இரண்டிலும் எண்ணையும் சதவீதத்தையும் ஒட்டி வேர்டு கோப்புக்குக் கொண்டுசேர்ப்பது தனி வேலை. ஜிடிசம்மரியிலோ டிபிஎல்_சம்மரி என்று எழுதி, "பை" என்ற இடத்தில் குழுவின் பெயரைச் சொன்னால் அச்சுக்கு அனுப்பக்கூடிய அட்டவணையே வந்துவிடுகிறது. அரை நாள் வேலை கால் மணி நேரத்தில் முடிகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

ஆனால் வேகமாகக் கிடைக்கும் அட்டவணையை வேகமாக நம்பிவிடக்கூடாது என்பதை, ஆருடனேயே வரும் பெர்க்லி சேர்க்கைத் தரவைக் கொண்டு பார்க்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973இல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில், ஆறு பெரிய துறைகளைச் சேர்ந்த 4,526 பேரின் விவரம் அதில் உள்ளது. ஆளுக்கொரு வரியாக அல்லாமல், துறை, பால், சேர்க்கை முடிவு வாரியாகக் கூட்டிய 24 எண்ணிக்கைகளாக அது சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை எண்ணிக்கைக்கு ஒரு வரி கொண்ட தரவுச் சட்டகமாக மாற்றி அப்படியே ஜிடிசம்மரிக்குக் கொடுத்தால், ஆண்கள் 12 பேர், பெண்கள் 12 பேர், இரு பாலரிலும் தலா 6 பேர் சேர்க்கப்பட்டனர், அதாவது 50 சதவீதம் என்று அழகான எழுத்துருவில் ஓர் அபத்தத்தைத் தயக்கமின்றி அச்சிட்டுத் தருகிறது. வரிகளைத்தான் அது எண்ணும். ஒரு வரிக்குப் பின்னால் 512 பேர் நிற்பது அதற்குத் தெரியாது. எச்சரிக்கை ஏதும் வருவதில்லை. எனவே முதலில் அன்கவுண்ட் கட்டளையால் தரவை 4,526 வரிகளாக விரித்துக்கொள்ள வேண்டும்.

விரித்த பிறகு பாலைக் குழுவாக வைத்தால் ஆண்களில் 1,198 பேர் (45%), பெண்களில் 557 பேர் (30%) இடம் பெற்றதாக வருகிறது. அதே தரவில் சேர்க்கை முடிவைக் குழுவாக வைத்தால், இடம் பெற்றவர்களில் 68% ஆண்கள், 32% பெண்கள் என்கிறது. எண்ணிக்கை மாறவில்லை, வகுக்கும் எண் மாறிவிட்டது. இத்தொகுப்பு தானாகவே நெடுவரிசை மொத்தத்தால் வகுக்கும் என்பதால், "பை" என்ற இடத்தில் எதை எழுதுகிறோமோ அதுவே எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. "பர்சென்ட்" என்ற இடத்தில் "ரோ" என்று சொல்லிக் கிடைவரிசையால் வகுக்கவும் வழி உண்டு. ஆனால் என்னிடம் வரும் மாணவர்களில் அதைத் தொட்டவர் அரிது.

இத்தொகுப்பில் நான் மிகவும் மதிப்பது டிபிஎல்_ஸ்ட்ராட்டா என்ற கட்டளையை. மேற்சொன்ன அட்டவணையையே துறைவாரியாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுகிறது. அப்போது ஏ துறையில் ஆண்கள் 62%, பெண்கள் 82% என்று படம் தலைகீழாகிறது. ஆறு துறைகளில் நான்கில் பெண்களின் சேர்க்கை விகிதமே கூடுதல். தாராளமாக இடம் கொடுத்த ஏ, பி துறைகளுக்கு ஆண்களில் 1,385 பேரும் பெண்களில் 133 பேர் மட்டுமே விண்ணப்பித்திருந்ததும், இடம் கிடைப்பது அரிதான துறைகளையே பெண்களில் பெரும்பாலோர் நாடியிருந்ததும்தான் அந்த ஒட்டுமொத்த வித்தியாசத்திற்குக் காரணம். இந்தத் தரவு வகுப்பறைகளில் பலமுறை அலசப்பட்டது என்றாலும், ஒரே ஒரு கூடுதல் வரியில் அது கண்முன் விரிவதைப் பார்க்கும்போது இன்னும் சற்றுச் சிலிர்ப்பாகவே இருக்கிறது.

என் முதன்மையான குறை, விடுபட்ட மதிப்புகளைப் பற்றியது. தொகுப்புடன் வரும் ட்ரையல் என்ற மாதிரித் தரவில் 200 நோயாளிகள். பி மருந்துக் குழுவில் 102 பேர். அவர்களில் கட்டி சிகிச்சைக்குப் பலன் காட்டியவர்கள் 33 பேர், 34% என்று அட்டவணை சொல்கிறது. 33ஐ 102ஆல் வகுத்தால் 32 சதவீதம்தானே வரும்? அடியில் "அன்னோன்" (தெரியாது) என்ற வரியில் இருக்கும் நால்வரை விலக்கிவிட்டு 98ஆல் வகுத்திருக்கிறது. முறையில் தவறில்லை, ஆனால் நெடுவரிசையின் தலையில் 102 என்று எழுதிவிட்டு உள்ளே 98ஆல் வகுப்பது படிப்பவரைக் குழப்பும். என் உதவியில் ஆய்வேடு முடித்த மாணவி ஒருவரிடம் வாய்மொழித் தேர்வில் இதே போன்ற கேள்வி எழ, அவர் விடை தெரியாமல் திகைத்து நின்றார். முன்கூட்டியே சொல்லித்தராதது என் பிழை. இப்போதெல்லாம் விடுபட்டவர்களையும் தனி வகையாக மாற்றிவிட்டுத்தான் அட்டவணை போடுகிறேன், அல்லது அடிக்குறிப்பில் எழுதிவிடுகிறேன்.

மற்ற குறைகள் சிறியவை. பத்துக்கும் குறைவான வெவ்வேறு மதிப்புகளே கொண்ட எண் மாறியை வகை என்று தானே முடிவு செய்துகொள்கிறது. எத்தனையாவது பிரசவம் என்பது போன்ற விவரங்களில் இது சில நேரம் பொருந்துகிறது, சில நேரம் பொருந்துவதில்லை. குழுக்களிடையே உள்ள வேறுபாட்டைச் சோதிக்கும் ஆட்_பி கட்டளை, வேறுபாடே இல்லையென்றால் வரவேண்டிய எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளைப் பார்த்து, அவற்றில் ஏதேனும் 5க்குக் கீழே இறங்கினால் கை-வர்க்கச் சோதனையை விட்டு ஃபிஷர் சோதனைக்கு மாறிக்கொள்வது வசதிதான். எந்தச் சோதனை என்று அடிக்குறிப்பிலும் சொல்லிவிடுகிறது.

அட்டவணையின் நிலையான சொற்களை வேறு மொழிக்கு மாற்றும் வசதியும் உண்டு. இந்தி, குஜராத்தி, மராத்தி மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்க, நான் பயன்படுத்தும் பதிப்பில் தமிழ் இல்லை. விடுபட்டவர்களின் வரிக்குப் பெயர் தரும் "மிஸ்ஸிங்_டெக்ஸ்ட்" என்ற இடத்தில் "விவரம் இல்லை" என்று நானே எழுதிக்கொள்கிறேன்.