டியூப்லெஸ் ரிம்மில் காற்று நிற்கவில்லையா? ஸ்டான்ஸ் மஞ்சள் டேப்: ஒரு மதிப்புரை

மலைப்பாதை சைக்கிளை டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே டியூப் இல்லாத டயருக்கு, மாற்றுகிறவர்கள் எந்த டயர், எந்த சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) என்று மாதக்கணக்கில் அலசிப் பார்த்து வாங்குகிறார்கள். ரிம்மின் உட்புறத்தில் ஒட்ட வேண்டிய டேப்பை மட்டும் கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். காற்று இறங்குகிறது என்று என் கைக்கு வந்த சக்கரங்களில் பெரும்பாலானவற்றில் குறை அந்த டேப்பில்தான் இருந்தது. அதனால்தான், பார்வைக்குச் சாதாரணமான பொருளாக இருந்தும், ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் நிறுவனத்தின் மஞ்சள் ரிம் டேப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான அகலத்தில் வாங்கி, பொறுமையாக ஒட்டினால், இது கொடுத்த காசுக்கு நியாயமான பொருள், ஆனால் டேப்பால் தீராத கசிவுகளும் உண்டு, அவற்றைப் பிரித்தறியாமல் இதை வாங்கிப் பயனில்லை.

டியூப் உள்ள சக்கரத்தில் ரிம் டேப்பின் வேலை, ஸ்போக் துளைகளின் விளிம்பு டியூபைக் கிழித்துவிடாமல் காப்பது மட்டுமே. டியூபை எடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 28 அல்லது 32 துளைகள் உள்ள ஒரு தளத்தில் காற்றைப் பிடித்து நிறுத்தும் சுவரே அந்த டேப்தான். மேவிக் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த யு.எஸ்.டி. என்ற டியூப்லெஸ் முறைக்கான ரிம்களில் உள்தளத்தில் ஸ்போக் துளைகளே கிடையாது என்பதால் டேப்பும் தேவைப்படவில்லை. அத்தகைய ரிம்மும் அதற்கேற்ற டயரும் கனம் கூடியவையாக இருந்தன. துளையுள்ள சாதாரண ரிம்மையே டேப்பாலும் லேட்டக்ஸ் (ரப்பர் பால்) சீலன்டாலும் அடைத்துவிடலாம் என்ற வழியைப் பரப்பியதில் ஸ்டான்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ‘டியூப்லெஸ் ரெடி’ என்று விற்கப்படும் ரிம்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான்.

கசிவைத் தேடும்போது எல்லோரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. குமிழி கிளம்பும் இடமும் காற்று நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரிம் இரட்டைச் சுவர் கொண்டது, நடுவில் வெற்றிடம். டேப்பில் எங்கோ ஓரிடத்தில் நுழைந்த காற்று அந்த வெற்றிடம் முழுவதும் பரவி, எந்த நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டு) தளர்வாக இருக்கிறதோ அதன் வழியாகவோ, ரிம்மின் இணைப்பு வழியாகவோ, வால்வு துளை வழியாகவோ வெளியே வரும். நகரத்தில் உள்ள ஒரு பெரிய சைக்கிள் கடையில் என் பின்சக்கரத்தைக் கொடுத்தபோது, ஒரு நிப்பிளில் குமிழி வருகிறது என்று கண்டு, அதற்கு நேர் மேலே ஒரு துண்டு டேப்பை ஒட்டி, சீலன்டை இன்னும் கொஞ்சம் ஊற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் டயர் மீண்டும் தட்டையாகக் கிடந்தது. பிறகு நானே டேப்பை முழுவதும் உரித்துப் பார்த்தேன். அடியில், காய்ந்த சீலன்ட் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அது வால்வு துளையில் போய் முடிந்தது. கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி வால்வை நுழைத்திருந்தார்கள்; கீறலின் ஒரு முனை வால்வு ரப்பரைத் தாண்டி நீண்டுவிட்டிருந்தது. பழைய டேப்பை உரிப்பவர்கள் அதைக் கசக்கி எறிவதற்கு முன் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காற்று எந்த வழியாகப் போனது என்பது அதில் எழுதியே இருக்கும்.

இனி டேப்பைப் பற்றி. இது மெல்லியது, இழுத்தால் அதிகம் நீளாதது, அகலவாக்கில் நன்றாக வளைந்து ரிம்மின் நடுப்பள்ளத்தில் படியக்கூடியது. நம் ஊர்க் கடைகளில் இதற்குப் பதிலாக இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் தருவது வழக்கமாக இருக்கிறது. அந்த டேப் இழுத்தால் நீளும். பிறகு மெல்லச் சுருங்கும். வெயிலில் நிற்கும் சைக்கிளில் அதன் பசை இளகி, ஓரங்கள் விலகி, துளைகள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மஞ்சள் டேப்பில் அந்தத் தொல்லையை நான் பார்க்கவில்லை.

அகலம்தான் முக்கியம். ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். ஏனெனில் டேப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்கே அந்தக் கூடுதல் செலவாகிவிடும். 30 மி.மீ. உள் அகலமுள்ள என் ரிம்முக்கு 33 மி.மீ. டேப் சுவரிலிருந்து சுவர் வரை கச்சிதமாகப் படிந்தது. அகலம் குறைந்தால் டயரின் விளிம்பு உட்காரும்போது டேப்பின் ஓரத்தைப் பெயர்த்துவிடும். மிகுந்தால் டேப் சுவரில் ஏறி, விளிம்பு சரியாக உட்காருவதைக் கெடுக்கும். சிறிய சுருள் 9.14 மீட்டர். 29 அங்குலச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ இரண்டு மீட்டர் போதும் என்பதால், ஒற்றைச் சுற்றில் நான்கு சக்கரங்களுக்கும், இரட்டைச் சுற்றில் இரண்டு சக்கரங்களுக்கும் வரும். மலைப்பாதைக்கு ஒரு சுற்றே போதும் என்று பலர் சொல்வார்கள். புது டயரை ஏற்ற டயர் நெம்பும் லீவரை அழுத்தமாகப் பயன்படுத்த நேர்ந்தால் இரண்டாவது சுற்று நிம்மதி தரும்.

ஒட்டும் முறையில் கைவைத்தியத்துக்கு இடமில்லை. பழைய பசையையும் சீலன்ட் கறையையும் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். வால்வு துளைக்குச் சற்று முன்பே தொடங்கி, சுற்றி வந்து, துளையைத் தாண்டிப் போய் முடித்தால் துளையின் மேல் இரண்டு அடுக்கு கிடைக்கும். கை வலிக்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்து ஒட்டுவதே சரி. தளர்வாக ஒட்டினால் காற்றழுத்தத்தில் டேப் ஸ்போக் துளைகளுக்குள் குழிந்துவிடும். அதன்பின் டியூபைப் போட்டுக் காற்றடித்து ஓர் இரவு விட்டுவைத்தால் டேப் ரிம்மோடு ஒட்டிப்போகும். வால்வுக்குக் கத்தி வேண்டாம். கூரான ஊசியால் சிறு துளை போட்டு வால்வையே அழுத்தி நுழைத்தால் போதும். வால்வின் நட்டைக் கையால் மட்டும் முடுக்க வேண்டும். பிளையர் போட்டு முடுக்கினால், காட்டுப் பாதையில் பஞ்சரானபோது டியூப் போடுவதற்கு அந்த நட்டைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருக்க நேரும்.

இத்தனையும் செய்த பிறகும் காற்று இறங்கினால், டேப்பைக் குறை சொல்வதற்கு முன் பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் ரிம் வரை முக்கி, மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். (சோப்புத் தண்ணீர் தெளிப்பவர்கள் டிஸ்க் பிரேக் தட்டைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.) வால்வின் நுனியில் குமிழி வந்தால் கோர் (வால்வுக்குள் காற்றைத் திறந்து மூடும் பாகம்) தளர்ந்திருக்கும், அல்லது சீலன்ட் காய்ந்து அதை மூடவிடாமல் தடுத்திருக்கும். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் வந்தால் அங்கே கல்லில் மோதி ரிம் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் குண்டூசித் தலைகள் போலப் பொடிக் குமிழிகள் வந்தால், சக்கரத்தைக் குலுக்கி ஒரு வாளியின் மேல் கிடைமட்டமாக வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் போட்டால் சீலன்ட் அதை அடைத்துவிடும். நிப்பிள்களிலோ ரிம்மின் இணைப்பிலோ வால்வு துளையிலோ வந்தால் மட்டுமே சந்தேகம் டேப்புக்கும் வால்வு ரப்பருக்கும் போகிறது. எந்தக் குமிழியும் இல்லாமல் வாரத்துக்கு ஓரிரு பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு, அதற்குப் பொருள் வாங்க வேண்டியதில்லை.

சீலன்ட் டேப்பின் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று நம்பி ஊற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. லேட்டக்ஸ் காற்றுப்பட்டு உறைவதால்தான் அடைக்கிறது; அதே காரணத்தால் எந்த நிறுவனத்தின் லேட்டக்ஸ் சீலன்டும் டயருக்குள் தானாகவே காய்ந்தும் போகும். நம் வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு கோரைக் கழற்றி, மெல்லிய குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

விலையைப் பொறுத்தவரை இன்சுலேஷன் டேப்போடு ஒப்பிட்டால் இது பலமடங்கு அதிகம்தான். டேப் தோற்றால் வீணாகும் சீலன்டோடு ஒப்பிட்டால் அப்படித் தோன்றாது. எல்லா அகலங்களும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதே எனக்குள்ள ஒரே மனத்தாங்கல். 33 கேட்டால் 25ஐ எடுத்து நீட்டி, இரண்டு வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரத்துக்குள்தான் சீலன்ட் முதலில் புகும். ரிம்மின் உள் அகலத்தை அளந்துகொண்டு, உரிய அகலம் வரும்வரை டியூபோடு ஓட்டுவது மேல்.